மொட்டைப் பெட்டிசத்தில் ஒரு சமன்பாடு

என் மாமனாரை நான் முதன்முதலில் திருடன் என்றுதான் அழைத்தேன். அது வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. நிறுத்து, கணக்குப் பார்த்து, இரண்டு பக்கத்தையும் சமன்படுத்தி, அடியில் இரட்டைக் கோடு போட்டு எழுத்தில் கொடுத்தேன். மாமனாரைத் திட்டிய மருமகள்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். இரசாயனச் சமன்பாடு போட்டுத் திட்டியவள் நான் ஒருத்திதான். (அப்போது அவர் எனக்கு மாமனார் ஆகவில்லையே என்று சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அது எடுபடுவதில்லை.)

இப்போது நான் விஞ்ஞான ஆசிரியை. வருடா வருடம் பிள்ளைகளுக்குத் திணிவுக் காப்பு விதி படிப்பிக்கிறேன். அந்தப் பாடம் வரும் நாளில் வீட்டில் இருந்து கிளம்பும்போதே என் கணவர் வாசலில் நின்று, "இன்னைக்கு யாருக்குப் பெட்டிசம்?" என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. நான் திருடன் என்றது அவருடைய அப்பாவைத்தான்.

எஹலியகொட டவுனில் இருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம் உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். அம்மா அங்கே பால் வெட்டுகிறவர். அந்தத் தோட்டத்தில் உயர்தரத்துக்கு விஞ்ஞானம் படிக்கப் போன முதல் ஆள் நான். ஹட்டனில் விடுதியில் தங்கிப் படித்து, பரீட்சை எழுதி, முடிவு வரும்வரை வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்று சொல்வதைவிட வீட்டாரை வதைத்தேன் என்று சொன்னால் பொருந்தும். தம்பி சோற்றுக்கு உப்புக் கேட்டால், "சோடியம் குளோரைட்டுன்னு கேளு, தாறேன்" என்பேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வார். "ஊரு ஒலகத்துல புள்ளைங்க படிச்சா புத்தி வருது. இது படிச்சா உப்புக்குப் பேரு வெக்குது."

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக்குப் புதிதாகத் தொரை ஒருத்தர், அதாவது மனேஜர், வந்தார். கொழும்புக்காரர், இளம் வயது, எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்ற வெறி. வந்த கையோடு மூன்று காரியம் செய்தார். ரப்பர் ஸ்டோருக்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினார். சுவரில் பதினான்கு சட்டங்கள் எழுதி ஒட்டினார். 'யோசனைப் பெட்டி' என்று ஒரு மரப்பெட்டியை ஆணி அடித்து மாட்டினார். (பெட்டிக்குள் முதல் மாதம் விழுந்தது விழாத லொத்தர் சீட்டுகள் மட்டும்.) ஸ்டோர் ஐயா மகளின் கல்யாணத்துக்கு இரண்டு கிழமை லீவில் போனதால், தராசுக்குப் பக்கத்தில் நின்று எழுத ஒரு ஆள் தேவைப்பட்டது. படித்த பிள்ளை என்று என்னைக் கூப்பிட்டார்கள். சனியன் அன்றைக்கே என் தோளில் ஏறிவிட்டது.

ரப்பர் வேலை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மரத்தில் வெட்டிய பாலைத் தட்டுகளில் ஊற்றி எசிட் கலந்தால் தயிர் மாதிரி உறையும். உறைந்ததை ரோலரில் கொடுத்து எடுத்தால் வெள்ளைவெளேரென்று சீட் வரும். அந்தச் சீட்டுகளைப் பொகவீட்டில் கம்பு கம்பாகத் தொங்கவிட்டு, வெளிப்பக்கக் கொட்டகையில் இருக்கும் அடுப்பில் நாலு நாள் விறகு எரித்தால், பழுப்பு நிறத்தில் புகைச் சீட் கிடைக்கும். இதில் ஈரச் சீட்டை யாரும் நிறுப்பதில்லை. எனக்கு முன்னால் நிறுத்ததும் இல்லை. புதுத் தராசும் சும்மா இருந்தது, நானும் சும்மா இருந்தேன். நிறுத்தேன்.

பொகவீட்டுக்குள் போனது இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ. நாலு நாள் கழித்து வெளியே வந்தது நூற்று ஐம்பத்தொரு கிலோ.

திணிவை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று எங்கள் இரசாயன டீச்சர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்ன விதி இதோ என் கண் முன்னால் உடைந்து கிடக்கிறது. விதி பொய்யாகாது. அப்படியென்றால் மனுஷன்தான் பொய். அறுபத்தொரு கிலோ ரப்பர் களவு போயிருக்கிறது!

நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. ஈரம் காய்ந்தால் எடை குறையாதா என்றுதானே? எனக்கும் அது தோன்றாமல் இல்லை. தோன்றிய உடனே தள்ளிவிட்டேன். தண்ணீர் முழுவதும் ரோலரிலேயே பிழிந்து போய்விட்டது, வடிகானில் ஓடியதை நானே பார்த்தேன். அதோடு, வெள்ளையாகப் போன சீட் பழுப்பாக வருகிறது. அந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது? புகையில் இருந்து. புகைக்கும் திணிவு உண்டு. ஆக, நியாயப்படி பார்த்தால் சீட்டின் எடை கூடியிருக்க வேண்டும்! (இந்த இடத்தில் என்னை நானே மெச்சிக்கொண்டு பிளேன்டி ஒன்று குடித்தேன்.) டீச்சர் சொன்ன விதியில் 'மூடிய தொகுதியொன்றில்' என்று இரண்டு வார்த்தை முன்னால் இருக்கும், அதாவது எதுவும் உள்ளே வராத, வெளியே போகாத இடத்தில் என்று. என் கொப்பி இன்னும் இருக்கிறது. மீதி எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன், அந்த இரண்டு வார்த்தைக்கு மட்டும் போடவில்லை. சீட்டுகளை எண்ணியாவது பார்த்திருக்கலாம். எண்ணுவது சின்னப் பிள்ளைகள் வேலை, நான் நிறுப்பவள்.

பொகவீட்டுக்கு ஒரே ஒரு கதவு, ஒரே ஒரு சாவி. அந்தச் சாவி இருந்தது மாணிக்கம் மாமாவின் இடுப்பில், அரைஞாண் கயிற்றில். இருபது வருஷத்துக்கு மேலாக அவர்தான் பொகவீட்டுக்காரர். நெடுநெடுவென்று உயரம், ஆளே புகை பிடித்த நிறம், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மனைவி இல்லை, ஒரே மகன் டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. அம்மா அவரை அண்ணே என்பார், அதனால் எனக்கு மாமா. நல்ல மனுஷன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் சாயந்தரம் வேலை முடிந்து போகும்போது தோளில் ஒரு பை தொங்கும். புடைத்துக்கொண்டு இருக்கும். யாராவது எதிரே வந்தால் பையை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்வார்.

எனக்கு வேறு சாட்சி வேண்டுமா?

நேரில் போய்க் கேட்கத் தைரியம் இல்லை. தோட்டத்தில் அதற்கு என்றே ஒரு வழி இருக்கிறதே, பெயர் போடாமல் புகார் எழுதும் மொட்டைப் பெட்டிசம். தமிழில் எழுதினால் என் எழுத்து என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தந்திரமாகச் சிங்களத்தில் எழுதினேன். நடுவில் இப்படி ஒரு சமன்பாடு:

ஈரச் சீட் (212 கிலோ) + புகை (எக்ஸ் கிலோ) → புகைச் சீட் (212 + எக்ஸ் கிலோ)

கிடைத்தது 151 மட்டுமே; தண்ணீர் ரோலரிலேயே போய்விட்டது. எனவே அறுபத்தொரு கிலோவும் எக்ஸும் மனித முயற்சியால் வெளியேறியுள்ளன. சாவியும், சாயந்தரத்தில் புடைத்த பையும் மாணிக்கத்திடம் உள்ளன. இப்படிக்கு, உண்மை விரும்பி.

மடித்து யோசனைப் பெட்டியில் போட்டேன். யார் எழுதியது என்று சிவனே வந்தாலும் சொல்ல முடியாது என்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தோட்டத்தில் இரசாயனச் சமன்பாடு எழுதத் தெரிந்த ஜீவன் நான் ஒருத்திதான் என்பது மறுநாள் காலை வரை எனக்கு உறைக்கவே இல்லை.

காலையில் பெரட்டு. வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் கூடி நிற்கும் நேரம். தொரை பெட்டிசத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மாணிக்கம், ரப்பர் கோ?" என்றார். ரப்பர் எங்கே என்பதைப் பாதி சிங்களத்தில் கேட்கிறார்.

"எந்த ரப்பருங்க?"

"அறுபத்தொரு கிலோ. சயன்ஸ் சொல்லுது, குறைய முடியாது."

மாணிக்கம் மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "காஞ்சா கொறையுந்தானுங்களே" என்றார். தொரை தலையை ஆட்டினார். "நோ, நோ. தண்ணி ரோலர்லயே போச்சு. இங்க எழுதியிருக்கு. புகையும் சேருது." பாவம், அவர் வணிக முகாமைத்துவம் படித்தவர். ரப்பரும் புதிது, இரசாயனமும் புதிது. அம்புக்குறி போட்டு எழுதியிருந்ததால் நம்பிவிட்டார்.

"அந்தப் பேக்ல என்ன கொண்டு போறது?"

மாணிக்கம் மாமா வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். பெரட்டில் நின்ற பொம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அவர்களும் வாயைத் திறக்கவில்லை. நான் வெற்றிக் களிப்பில் இருந்ததால் அது ஏன் என்று யோசிக்கவில்லை.

"களவுன்னா வேலையில வெக்க ஏலாது. சாவி குடுங்க" என்றார் தொரை.

அவர் அரைஞாண் கயிற்றில் இருந்து சாவியை அவிழ்த்தார். வருஷக்கணக்கில் இறுகிய முடிச்சு, லேசில் அவிழவில்லை. நூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்க அந்த மனுஷன் குனிந்து, முடிச்சோடு மல்லுக்கட்டினார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் தொரை, "உண்மை விரும்பி யாரு?" என்று கேட்டார். கைக்குழந்தை உட்பட அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின.

"குட், மிஸ்" என்று சாவியை என் கையில் வைத்தார் தொரை. "இனி புதுசா ஒரு பொகவீடு சீட். நாலு நாளும் நீங்கதான் பாக்கணும். வேற யாரும் உள்ள போகக் கூடாது. அஞ்சாம் நாள் இங்கேயே நிறுப்போம். சரியா வந்தா மாணிக்கம் வீட்டுக்கு."

அம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். லயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்ததும், "அந்த மனுசன் யாருன்னு தெரியுமாடி ஒனக்கு?" என்று மட்டும் கேட்டார். "சயன்ஸுக்கு ஆளு முக்கியமில்லம்மா" என்றேன். என்னை அப்போதே ரோலரில் கொடுத்திருக்க வேண்டும்.

நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிலோ ஈரச் சீட் உள்ளே போனது. ஒவ்வொரு சீட்டிலும் மூலையில் மெழுகுக் குச்சியால் என் கையெழுத்து. பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பிறகுதான் அடுப்பு என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. கூட எரித்தால் சீட் கொப்புளிக்கும், குறைய எரித்தால் பூஞ்சணம் பிடிக்கும். எனக்கோ வீட்டு அடுப்பே பற்றாது. முதல் நாள் மத்தியானத்துக்குள் என் மூக்கு, காது, கண்ணிமை எல்லாம் கரி. ரோலரில் வேலை செய்யும் சோமா அக்கா வந்து பார்த்துவிட்டு, "அனே நங்கி, ஐயோ தங்கச்சி, சீட்டை உள்ள தொங்கப் போடணும், நீங்க தொங்கக் கூடாது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சாயந்தரம் ஒருத்தர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாணிக்கம் மாமாவின் மகன் குமார். அடி விழும் என்றே நினைத்தேன்.

"தள்ளுங்க" என்றார். விறகை இழுத்து, பெரிய கட்டையைப் பின்னுக்குத் தள்ளி, சாம்பலை வாரி, நெருப்பை அடக்கி வைத்தார். "அப்பாதான் அனுப்புனாரு. ஒங்க மேலதான் அவருக்குக் கோவமாம். ரப்பர் மேல இல்லையாம். சீட்டுக் கருகக் கூடாதுன்னாரு."

நாலு சாயந்தரமும் வந்தார். நாலு நாளும் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். (பார்த்திருந்தாலும் கரிதான் தெரிந்திருக்கும்.)

அந்த நாலு நாளும் விடாத மழை. எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழைக்காலம் வந்தால் லயத்தில் ஒரு கைக்குட்டை கூடக் காயாது. பிள்ளைகளுக்கோ தினமும் வெள்ளைச் சீருடை வேண்டும். அதனால் பொகவீடுதான் எங்கள் தோட்டத்துக்கு வெயில். காலம் காலமாகத் தாய்மார் நனைந்த உடுப்பைக் கொண்டுபோய் அடுப்புப் பக்கத்துக் கம்பியில் போட்டுவிட்டு, காய்ந்ததும் எடுத்து வருவார்கள். நானும் பதினொரு வருஷம் அந்தப் புகை வாசத்தோடுதான் பள்ளிக்கூடம் போனேன். பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்துவாள். ஆனால் புதுத் தொரை ஒட்டிய பதினான்கு சட்டத்தில் ஏழாவது, ஸ்டோரிலும் பொகவீட்டிலும் துணி காயப்போடக் கூடாது என்பது. அதோடு அந்த வழக்கம் நின்றுவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி மூன்றாம் நாள் ஈரச் சட்டையோடு பள்ளிக்கூடம் போய்த் தும்மிக்கொண்டே வந்தான். நாலாம் நாள் போகவே இல்லை. லயம் முழுக்கத் தும்மல். 'என்ன இது, இந்த முறை தடிமன் அதிகமாக இருக்கிறதே' என்று யோசித்தேன். மேற்கொண்டு யோசிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை. பெரட்டுக் களத்துக்கே தராசைத் தூக்கி வந்துவிட்டார்கள். நான் கழுத்துச் சாவியால் பூட்டைத் திறந்தேன். சீட்டுகள் அழகான பழுப்பு, ஒன்றுகூடக் கருகவில்லை. எண்ணிப் பார்த்தார்கள், ஒன்றுகூடக் குறையவில்லை. மூலைக்கு மூலை என் கையெழுத்து பத்திரமாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தராசைப் பார்த்தேன்.

நூற்று நாற்பத்தொன்று.

"இன்னொருக்கா" என்றேன். இன்னொருக்கா நிறுத்தார்கள். தராசை அணைத்துப் போட்டு நிறுத்தார்கள். தொரை தானே ஏறி நின்று பார்த்தார், அவர் எடை சரியாக இருந்தது. மறுபடி நிறுத்தால் நூற்று நாற்பத்தொன்றுதான்.

"மிஸ், சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்ட, சேர்."

"வேற யாரும் உள்ள போனதா?"

"இல்ல, சேர்."

"ரப்பர் குறைய முடியாது?"

"முடியா..." என்று ஆரம்பித்தேன்.

"ஐம்பத்தேழு கிலோ. ஹொரா கவ்த, மிஸ்?" கள்ளன் யார் என்று கேட்கிறார்.

என் விதிப்படி, என் சமன்பாட்டின்படி, என் பூட்டின்படி, திருடி நான்தான். தப்பிக்க வழியே இல்லை. எங்கே ஒளித்து வைத்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாவாடையை ஒரு தடவை தடவிக்கூடப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அம்மா வந்தார். கையில் பால் வாளி. வாளிக்குள் கையை விட்டுச் சொட்டச் சொட்ட ஒரு வெள்ளைச் சட்டையை வெளியே எடுத்தார். தம்பியின் பள்ளிக்கூடச் சட்டை. அதைத் தராசின் மேல் தொப்பென்று போட்டார்.

"நிறுடி!"

"அம்மா..."

"நிறுடிங்கிறேன்! நல்லாப் பிழிஞ்சுதான் கொண்டாந்தேன். எவ்ளோ காட்டுது?"

"அறுநூறு கிராமு."

"இதக் காய வெச்சா எவ்ளோ இருக்கும்? அந்தத் தண்ணிய யாரு திருடுனா? மாணிக்கண்ணன் குடிச்சாரா, நீ குடிச்சியா? பதினொரு வருசம் ஈரக் கவுன அந்தப் பொகவீட்டுலதானடி குடுத்து வாங்குனேன்? கல்லு மாதிரி போய் காயிதம் மாதிரி வந்துச்சே, அப்ப எங்கடி போச்சு ஒன் சயன்ஸு?"

களமே கொல்லென்று சிரித்தது. அம்மா நிறுத்தவில்லை. தொரை பக்கம் திரும்பினார். "பேக்குல என்னான்னு கேட்டீங்கதானே சேர்? எங்க புள்ளைங்க உடுப்பு! நீங்க சட்டம் போட்டீங்க. மழைக்குச் சட்டம் போட்டீங்களா? அந்த மனுசன் எங்களுக்காக ஒளிச்சுக் காயவெச்சுக் குடுத்தாரு. வாயத் தெறந்தா எங்களுக்கு ஏச்சு விழும்னு திருட்டுப் பட்டத்த வாங்கிக்கிட்டு நின்னாரு. நாங்களும் பயந்துகிட்டு நின்னோம். வெக்கமா இருக்கு சேர் எங்களுக்கு!"

சிரிப்பு நின்றுவிட்டது. பொகவீட்டுக் கூரையைப் பார்த்தேன். மேலே இருக்கும் புகைவாசலில் வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது. பிறந்ததில் இருந்து தினமும் பார்க்கிற ஆவி. ஐம்பத்தேழு கிலோவும் அதன் வழியாக, என் தலைக்கு மேலேயே, நாலு நாளாகப் போயிருக்கிறது. கூரையில் ஓட்டை உள்ள வீட்டை மூடிய தொகுதி என்று நினைத்துக் கதவுக்குப் பூட்டுப் போட்டுக் காவல் காத்திருக்கிறேன். துணிக்குத் தெரிந்த விஷயம் இரசாயனத்துக்கும் பொருந்தும் என்று என் மண்டைக்கு ஏறவே இல்லை. வெட்கத்தில் செத்தே போய்விடலாம் போல இருந்தது.

தொரைக்கும் முகம் சிவந்துவிட்டது. பெட்டிசத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "சொரி, மாணிக்கம்" என்று என் கையில் இருந்த சாவியை வாங்கி நீட்டினார். மாணிக்கம் மாமா வாங்கவில்லை.

"அந்தப் புள்ளையே தரட்டுங்க" என்றார்.

நான் போனேன். காலில் விழலாமா, மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒன்றும் ஓடவில்லை. சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு சீட்டுகளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நெருப்பு நல்லாத்தான் வெச்சிருக்க புள்ள. ஒண்ணும் கருகல" என்றார்.

ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையில் அழ ஆரம்பித்தவள் மத்தியானம் வரை நிறுத்தவில்லை. ஏழாவது சட்டத்தை யாரும் சுவரில் இருந்து கிழிக்கவில்லை. அது அங்கேயே ஒட்டியிருந்தது, துணியும் கம்பியிலேயே காய்ந்தது. தொரை அந்தப் பக்கம் போகும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார்.

எனக்கு 'கிலோ மிஸ்' என்ற பட்டம் நிலைத்தது. குமார் அதற்குப் பிறகும் சாயந்தரங்களில் வந்தார். வருவது நெருப்பு மூட்ட அல்ல என்பது இரண்டு வீட்டுக்கும் தெரிந்தபோது அம்மா பயந்துகொண்டே போய்ச் சம்பந்தம் பேசினார். மாணிக்கம் மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "கல்யாணத்துக்கு முன்னால என்னையும் பையனையும் நிறுத்து எழுதி வெச்சுக்கச் சொல்லுங்க. பெறகு கொறைஞ்சா எங்கள கேக்கக் கூடாது."

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் மகள் ஆஸ்பத்திரியில் மூன்று கிலோ நூறு கிராமுக்குப் பிறந்தாள். வீட்டுக்கு வந்து, நாலாம் நாள் மிட்வைஃப் மிஸ் வந்து தொங்கு தராசில் பிள்ளையைப் போட்டு நிறுத்தார். இரண்டு கிலோ தொள்ளாயிரம். என் உயிர் போய்விட்டது. பச்சை உடம்புக்காரி என்பதையும் மறந்து கட்டிலில் இருந்து குதித்தேன். "எரநூறு கிராமு எங்க போச்சு? என் புள்ள எங்க போச்சு? நாலு நாளா நான் கீழயே எறக்கலயே!" என்று கத்தினேன். பிறந்த பிள்ளை முதல் சில நாளில் கொஞ்சம் இறங்கித்தான் ஏறும் என்று மிட்வைஃப் மிஸ் சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் வாசலில் நின்றிருந்த மாமனார் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனுஷன், அன்றைய பங்கை மொத்தமாகச் செலவழித்தார்.

"நான் எடுக்கல தாயி. இந்தத் தடவையும் சாவி ஒன்கிட்டதான் இருந்துச்சு."